மடில்டா ஸ்மித்: உலர்ந்த செடிக்கு உருவம் கொடுத்த ஓவியர்

கேட்கப்பட்டது இரண்டு கேள்விகள். தாவர ஓவியர் மடில்டா ஸ்மித்தின் வாழ்க்கை எப்படிப்பட்டது? லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் படம் வரைந்தவரை, அவருக்கு முன்பிருந்த வால்டர் ஹூட் ஃபிட்ச் அளவுக்கு ஏன் யாரும் பேசுவதில்லை? இரண்டாவதற்கான விடை அவர் வேலை செய்த விதத்தில் இருக்கிறது. ஆகவே வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறேன்.

1854 ஜூலை 30 அன்று பம்பாயில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. கியூவின் இயக்குநராக 1865 முதல் 1885 வரை இருந்த ஜோசப் டால்டன் ஹூக்கர் இவருக்கு உறவினர். மடில்டாவுக்குப் படம் வரைவதில் ஆர்வம் இருந்தது. அதைத் தாவரவியலுக்குப் பயன்படும் கையாகப் பழக்கியவர் ஹூக்கர்தான். ஹூக்கர் வெறும் நிர்வாகி இல்லை. சிக்கிம் இமயமலையில் செடி சேகரித்த நாட்களில் தானே வரைந்து வைத்த படங்களைக் கொண்டுதான் அவருடைய ரோடோடென்ட்ரான் நூலுக்கு ஃபிட்ச் படங்கள் தயாரித்தார். எந்த உறுப்பை வரைந்தால் இனம் அடையாளம் தெரியும் என்பதை நன்கு அறிந்தவரிடம் மடில்டா படித்தார். ஓவியப் பள்ளியில் இது கிடைத்திருக்காது.

வாய்ப்பு வந்தது ஒரு சண்டையால். 1787இல் வில்லியம் கர்ட்டிஸ் தொடங்கிய 'கர்ட்டிஸ் பொட்டானிக்கல் மேகசின்' மாதந்தோறும் புதுச் செடிகளின் வண்ணப்படங்களை வெளியிட்டுவந்தது. 1834 முதல் அதற்கு வரைந்துவந்த ஃபிட்ச், ஊதிய விவகாரத்தில் ஹூக்கரோடு முரண்பட்டு 1877இல் விலகினார். இதழ் நிற்கக்கூடாது. ஹூக்கரின் மகள் ஹாரியட் திசல்டன்-டையர் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நூறை ஒட்டிய படங்கள் வரைந்து கைகொடுத்தார். மடில்டாவின் முதல் படம் 1878இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இதழின் முதன்மை ஓவியராகிவிட்டார். 1923 வரை அதில் அவருடைய படங்கள் வந்தன, மொத்தம் 2,300க்கு மேல். இதழ் ஆண்டுக்குச் சுமார் 60 படங்கள் போட்டது என்பதை வைத்துப் பார்த்தால், நாற்பத்தைந்து ஆண்டுகள் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வரைந்திருக்கிறார். இது ஒரு வேலை மட்டுமே. இன்னொரு வேலையும் கூடவே ஓடியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வாரம் ஒரு வண்ணப்படம் என்பது சுலபமாகத் தோன்றலாம். செடி ஓவியருக்காகக் காத்திருக்காது. கண்ணாடி வீட்டில் பூத்த அன்றே வரையத் தொடங்க வேண்டும். வெளியே யாராவது வளர்த்த செடியானால் வெட்டிய பூ பெட்டியில் வந்துசேரும், வரும்போதே பாதி வாடியிருக்கும். அதனால் வரையும் வரிசையைச் செடியே தீர்மானிக்கிறது. முதலில் நிறக்குறிப்பு. பூவிதழின் அடி, நடு, விளிம்பு, தொண்டைப் பகுதியின் புள்ளிகள் என்று ஒவ்வொன்றுக்கும் நீர்வண்ணத்தைக் கலந்து காகித ஓரத்தில் சிறு தீற்றலாகப் பூசி வைக்க வேண்டும். நீலமும் ஊதாவும் சில மணி நேரத்தில் மாறிவிடும். நினைவை நம்பி மறுநாள் பூசினால் நிறம் தப்பும். அடுத்து பூவின் வெளித்தோற்றம், ஏனென்றால் முதலில் தொங்குவது அதுதான். மகரந்தப்பை வெடித்துவிட்டால் அதன் அசல் வடிவம் தெரியாது, ஆகவே திறக்காத ஒரு மொட்டைத் தனியே ஈரத்தில் எடுத்துவைக்க வேண்டும். இலையும் தண்டும் கடைசியில், அவை ஓரிரு நாள் தாங்கும். ஒரு பூவை நீளவாக்கில் பிளந்து உள்ளுறுப்புகளைப் பெரிதாக்கி வரைவதும் இதோடு சேர்ந்தது. மேகசினின் பக்கம் சிறியது. அதற்குள் அடங்காத செடியை மடிப்புத்தாளில் போடுவார்கள், அல்லது செடி முழுவதையும் பின்னணியில் மங்கலான சிறு கோட்டோவியமாகக் காட்டி, பூத்த கிளையை மட்டும் இயல்பான அளவில் முன்னால் வைப்பார்கள்.

வரைந்தது நேராக அச்சுக்குப் போவதில்லை. அது கல்லச்சுக் காலம். சுண்ணாம்புக் கல்லின் மழமழப்பான முகத்தில் கொழுப்புள்ள மையால் படத்தை மறுபடி வரைவார்கள். கல்லை நனைத்து அச்சுமையைத் தடவினால் கொழுப்புக் கோடு மட்டும் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளிவிடும். மடில்டாவின் படங்களைப் பெரும்பாலும் கல்லில் ஏற்றியவர் ஜான் நியூஜென்ட் ஃபிட்ச், விலகிப்போன ஃபிட்சின் சகோதரர் மகன். கல்லில் இருப்பது காகிதத்தில் இடவலம் மாறி விழும், அதனால் கல்லில் ஏற்றுபவர் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைய வேண்டும். ஒரு இலையை இடவலம் மாற்றினால் யாருக்கும் தெரியாது. படர்கொடியை மாற்றினால் அது தப்பான திசையில் சுற்றும். சில குடும்பங்களில் மொட்டின் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கியிருக்கும் திசையே அடையாளக் குறி. அங்கே இடவலம் மாறினால் படம் பொய் சொல்கிறது. மூலப்படத்தில் அந்த முறுக்கு ஐயமில்லாமல் தெரிந்தால்தான் கல்லில் ஏற்றுபவர் அதைச் சரியாகக் கொண்டுபோக முடியும். மடில்டாவின் கோடு கொஞ்சம் அழுத்தமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் கருத்து.

அச்சில் விழுவது கறுப்புக் கோடு மட்டும். ஒவ்வொரு பிரதிக்கும் ஆட்கள் கையால் வண்ணம் பூசினார்கள். ஓவியர் ஒப்புக்கொண்ட ஒரு மாதிரிப் பிரதியை முன்னால் வைத்துப் பார்த்துப் பூசுவார்கள். இந்த இதழில் இந்த வழக்கம் 1948 வரை நீடித்தது. அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் ரோஜா நிறமும் இன்னொன்றில் செம்மையும் இருக்கக் காணலாம். அதை மடில்டாவின் குறையாக எண்ணிவிடக்கூடாது. அவர் கண்ட நிறம் வேண்டுமென்றால் மூல நீர்வண்ணப் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது ஃபிட்ச் ஒப்பீட்டுக்கு வருவோம். ஃபிட்ச் பெரும் திறமைசாலி. இதழுக்கு மட்டும் 2,700க்கு மேல் வரைந்தார். பல நேரம் தாளில் வரையாமலே நேராகக் கல்லில் வரைவார். அவர் படத்தில் இலை வளைந்து திரும்பும், கிளை பக்கத்தை நிறைக்கும், பார்த்தவுடன் பிடித்துவிடும். மடில்டாவின் தொடக்ககாலப் படங்களில் அந்தச் சரளம் இல்லை. கிளை சற்று விறைப்பாக நிற்கும், இலைகளைத் தட்டையாக அடுக்கிவைத்ததுபோல் இருக்கும். கலை வரலாறு எழுதியவர்கள் இதைச் சுட்டிக்காட்டி அவரை இரண்டாம் வரிசையில் வைத்தார்கள். அவர்கள் பார்த்தது வண்ணப்படங்களை. மடில்டாவின் உண்மையான உயரம் வண்ணமே இல்லாத இன்னொரு தொகுப்பில் இருக்கிறது.

அதுதான் 'ஐக்கோனஸ் பிளான்டாரம்'. ஜோசப் ஹூக்கரின் தந்தை வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் 1837இல் தொடங்கிய இந்தத் தொடர், உலர்தாவரத் தொகுப்பில் வந்துசேரும் புதிய, அரிய இனங்களைக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாக வெளியிட்டது. இதற்கு மடில்டா வரைந்தவை சுமார் 1,500. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவர் முன்னால் இருந்தது உயிருள்ள செடி அல்ல. ஆப்பிரிக்காவிலோ சீனாவிலோ யாரோ பறித்து, அழுத்தி, உலர்த்தி, ஏறக்குறைய 42 × 27 செ.மீ. தாளில் ஒட்டி அனுப்பிய பழுப்பு நிறச் சருகு. பலவற்றை ஐரோப்பாவில் யாரும் உயிரோடு பார்த்ததில்லை. அந்தச் சருகிலிருந்து நம்பத்தக்க ஒரு செடியை மீட்டெடுப்பதில் மடில்டாவுக்கு நிகரானவர்கள் குறைவு என்று அவர் காலத்துத் தாவரவியலாளர்களே போற்றினார்கள்.

இந்த வேலை எப்படி நடக்கும் என்பதை விளக்கினால்தான் அதன் கடினம் புரியும். முறை அன்றும் இன்றும் பெரிதாக மாறவில்லை.

தாளில் நாலைந்து பூக்கள்தான் இருக்கும். அவற்றில் ஒன்றைத்தான் பிரிக்கலாம். தாளின் மூலையில் உதிர்ந்த துண்டுகளைப் போட்டுவைக்கும் சிறு காகித உறை இருக்கும், முதலில் தேட வேண்டியது அங்கே. நன்றாக விரிந்த பூவைவிட, விரியப்போகும் மொட்டு மேலானது. அதில் இதழ் கிழிந்திருக்காது, மகரந்தத்தாள்கள் முழுதாக இருக்கும். சூல்பைக்கு மட்டும் சற்று முதிர்ந்த பூ வேண்டும்.

எடுத்த பூவைச் சிறு கிண்ணத்து நீரில் போட்டுக் கொதிநிலைக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே காற்று இருப்பதால் முதலில் மிதக்கும். காற்று வெளியேறி மூழ்கினால் இளகிவிட்டது என்று பொருள். மெல்லிய இதழுக்கு ஓரிரு நிமிடம் போதும். தோல்போல் தடித்த பூவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகலாம். அவசரப்பட்டுச் சீக்கிரம் எடுத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் முறியும். அதிகம் கொதிக்கவிட்டால் இதழ் கூழாகி ஊசியில் ஒட்டிக்கொள்ளும், அந்தப் பூ போனதுதான். தாளில் வேறு பூ இல்லையென்றால் அந்த இனத்தின் பூவைப் பற்றிய தகவலே போய்விட்டது. இந்த வேலையில் கை நடுங்கக்கூடாது என்று சொல்வது அதனால்தான்.

இளகிய பூவை நீருக்குள்ளேயே வைத்துத்தான் பிரிக்க வேண்டும். வெளியே தூக்கினால் ஈர இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுவிடும். வெட்டுவதற்கு முன் வெளித்தோற்றத்தை வரைந்துவிட வேண்டும், வெட்டிய பின் அதைத் திரும்பப் பெற முடியாது. பிறகு பூக்குழலை ஒரு பக்கமாகக் கீறி விரித்து, மகரந்தத்தாள்கள் குழலில் எந்த உயரத்தில் ஒட்டியிருக்கின்றன, இதழ்களுக்கு நேராகவா இடையிலா, காம்பில் மயிர் உண்டா என்று பார்த்து வரைய வேண்டும். மயிர் என்றால் எல்லாம் ஒன்றல்ல. தனி மயிரா, விண்மீன் வடிவில் கிளைத்ததா, நுனியில் சுரப்பி உள்ளதா என்பதைப் பொறுத்து இனமே மாறும். நுண்ணோக்கியில் பார்க்காமல் பஞ்சுபோல் தீற்றிவிட்ட படங்கள் பயனற்றவை.

கடைசியில் சூல்பையைக் குறுக்கே வெட்ட வேண்டும். இங்கேதான் அதிகம் ஏமாறுவார்கள். பல செடிகளில் சூலறைகளைப் பிரிக்கும் சுவர் மேலே வரை போகாது. உயரத்தில் வெட்டினால் ஓரறை, கீழே வெட்டினால் மூவறை என்று தெரியும். எனவே நடுப்பகுதியில் ஒன்று, சந்தேகமிருந்தால் நீளவாக்கில் இன்னொன்று என்று வெட்டி இரண்டையும் வரைவது நல்லது. பிரித்த துண்டுகளை மைஒற்றும் தாளில் உலர்த்தி, குறிப்பெழுதி, அதே உறையில் திருப்பிப் போட வேண்டும். அடுத்து வருபவர் சரிபார்க்க அதுவே சான்று.

பூவைவிடப் பெரிய சிக்கல் செடியின் நிலை. அழுத்தி உலர்த்தியபோது எல்லா இலைகளும் ஒரே தளத்துக்கு வந்திருக்கும். எதிரெதிர் இணைகளாக, ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்த இலைகள் இரு வரிசையில் இருப்பதுபோல் காட்சி தரும். இலைக்காம்பு முறுக்கியிருக்கிறதா, கணுவில் தழும்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து உண்மை அமைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். பூ நிமிர்ந்ததா தொங்கியதா என்பதைப் பூக்காம்பின் வளைவு சொல்லும், ஆனால் அழுத்தியவர் அழகுக்காகத் திருப்பி வைத்திருந்தால் அதுவும் பொய் சொல்லும். தட்டையாகத் தெரியும் தண்டு நாற்கோணத் தண்டாக இருக்கலாம். ஒரு துண்டை நனைத்துக் குறுக்கே வெட்டினால்தான் தெரியும். சதைப்பற்றுள்ள இலை காகிதம்போல் காய்ந்திருக்கும், சேகரித்தவர் எழுதிவைத்த குறிப்புதான் அங்கே துணை. கொதிக்கவைத்த பூ பழைய அளவில் பெரும்பகுதியை மீட்டுவிடும், முழுவதையும் அல்ல. ஒன்றை மட்டும் அளந்து வரைவது ஆபத்து.

இத்தனைக்கும் மேல் ஒரு கட்டுப்பாடு உண்டு. இல்லாததை வரையக்கூடாது. மாதிரியில் வேர் இல்லையென்றால் தண்டை வெட்டிய இடத்தில் நிறுத்த வேண்டும். மடில்டாவின் கறுப்பு வெள்ளைப் படங்களை வரிசையாகப் பார்த்தால் இந்த ஒழுக்கம் கண்ணில் படும். அவருடைய வண்ணப்படத்தில் விறைப்பாகத் தெரிந்த அதே கோடு இங்கே சரியான இடத்தில் இருக்கிறது. சரளமான கை, தெரியாத இடத்தையும் அழகாக நிரப்பிவிடும். தெரியாத இடத்தில் நிற்கக் கற்ற கைதான் இந்த வேலைக்கு வேண்டும். மடில்டாவை ஃபிட்சுக்குக் கீழே வைப்பதை நான் ஏற்காததும் இதனால்தான்.

உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் இந்தப் பகுப்புப் படங்கள் வெறும் அலங்காரம் அல்ல. தாவரப் பெயரிடல் விதிகளின்படி, 1908 ஜனவரி 1க்கு முன் வெளியான ஓர் இனப் பெயருக்கு எழுத்து விவரணை இல்லாவிட்டாலும், உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் படம் கூடவே வந்திருந்தால் அந்தப் பெயர் செல்லும். சூல்பையின் குறுக்குவெட்டுக்கு அவ்வளவு மதிப்பு.

உயிருள்ள செடிகளில் அவருக்கு வந்த மிகக் கடினமான வேலை 1889 ஜூனில். சுமத்ராவில் 1878இல் இத்தாலியத் தாவரவியலாளர் ஒடோவார்டோ பெக்காரி கண்டெடுத்த 'அமார்ஃபோபாலஸ் டைட்டானம்' அப்போது கியூவில் பூத்தது. காட்டுக்கு வெளியே அது பூத்தது அதுவே முதல் தடவை. நம் சேனைக்கிழங்கின் பேரினத்தைச் சேர்ந்தது, ஆனால் பூங்கதிர் ஆளுயரத்தைத் தாண்டி வளரக்கூடியது. விரிந்த முதல் இரவில் அழுகிய மாமிச நாற்றம் அடிக்கும், இரண்டு நாளில் கதிரைச் சூழ்ந்த மடல் சரியத் தொடங்கும். உண்மையான பூக்கள் கதிரின் அடியில் மடலுக்குள் மறைந்திருக்கின்றன, பெண்பூக்கள் கீழே, ஆண்பூக்கள் அதற்கு மேலே. அவற்றைக் காட்ட மடலுக்குள் முகத்தை நுழைத்து நெருங்கிப் பார்த்தே ஆக வேண்டும். அந்த நாற்றத்தில் மடில்டாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது என்பது கியூவில் இன்றும் சொல்லப்படும் செய்தி. படங்கள் 1891இல் இதழில் வந்தன.

வேறு நூல்களுக்கும் வரைந்தார். ஜார்ஜ் வாட்டின் 1907ஆம் ஆண்டுப் பருத்தி இனங்கள் நூலில் அவர் படங்கள் உண்டு. 1914இல் இரண்டு தொகுதிகளாக வந்த நியூசிலாந்துத் தாவரப்பட நூல் இன்னும் முக்கியமானது. நூலாசிரியர் தாமஸ் சீஸ்மன் ஆக்லாந்தில் இருந்தார், மடில்டா கியூவில் இருந்து வரைந்தார், ஹெம்ஸ்லி என்ற தாவரவியலாளர் இங்கிலாந்தில் உதவினார். சுமார் 250 படங்கள். உலர்ந்த மாதிரியிலிருந்து செடியை எழுப்பத் தெரிந்த ஒருவர் இல்லாமல் இப்படி ஒரு நூலைக் கடல்கடந்து தயாரித்திருக்க முடியாது. கியூ நூலகத்தின் பழைய நூல்களில் காணாமல் போன படப்பக்கங்களை வேறு பிரதிகளைப் பார்த்துத் திரும்ப வரைந்துகொடுத்ததும் அவரே.

அங்கீகாரம் மெதுவாக வந்தது. 1898இல்தான் கியூவின் அதிகாரப்பூர்வ ஓவியர் என்ற பதவி கிடைத்தது. அந்தப் பதவியில் முதலாமவர் அவர், ஆனால் அதற்குள் இருபது ஆண்டுகள் வரைந்துவிட்டிருந்தார். அந்தத் தாமதத்துக்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. லண்டனின் இயற்கை அறிவியல் அமைப்பான லின்னேயன் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்க ஒப்பியதே 1904 இறுதியில்தான். மடில்டாவை 1921இல் இணை உறுப்பினராக்கியது, அந்த இடத்தைப் பெற்ற இரண்டாவது பெண் அவர். அதே ஆண்டு ஓய்வு பெற்றார். 1926 டிசம்பர் 29 அன்று இறந்தார். ஸ்மித்தியாந்தா என்ற மெக்சிகோப் பூச்செடிப் பேரினம் அவர் பெயரால் 1891 முதல் வழங்குகிறது. இதழில் அவருக்கு அடுத்து வந்தவர் லிலியன் ஸ்னெல்லிங். தானே வரைந்து தானே கல்லில் ஏற்றக் கற்ற அவர் 1952 வரை அந்தப் பணியில் இருந்தார்.

மடில்டாவின் படங்களைப் பார்க்க விரும்புபவர்கள் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்தில் இரண்டு தொடர்களின் பழைய தொகுதிகளையும் இலவசமாகத் திறக்கலாம். படத்தின் கீழ் இடது மூலையில் 'எம்.எஸ். டெல்.' (M.S. del.) என்றிருந்தால் வரைந்தவர் மடில்டா ஸ்மித். 'லித்.' (lith.) என்று முடியும் பெயர் கல்லில் ஏற்றியவருடையது. கோட்டில் ஏதாவது தவறு பட்டால் அது யாருடையது என்று முடிவு செய்யும் முன் இரண்டையும் பாருங்கள். பகுப்புப் படங்களுக்கு எண் இருக்கும், அந்த எண் எந்த உறுப்பு என்பது எதிர்ப்பக்க உரையின் கடைசி வரியில் இருக்கும். அங்கே 'பெரிதாக்கப்பட்டது' என்று மட்டும் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள், எத்தனை மடங்கு என்பது இருக்காது. எனவே அந்தக் காலப் படத்தில் அளவுகோலை வைத்து மகரந்தப்பையின் நீளத்தை எடுக்காதீர்கள். நீளத்துக்கு எழுத்து விவரணையை நம்புங்கள், உறுப்புகள் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்பதற்குப் படத்தை நம்புங்கள்.